காலரா இல்லை என்று எழுதிய மழைக்காலம்

கண்ணாடிச் சில்லில் இரண்டு துளிகள். ஒன்று வெறும் உப்புநீர். மற்றது எதிர்ச்சீரம், காலராக் கிருமியைக் காட்டிக்கொடுக்கிற மருந்துநீர். குண்டூசித் தலை அளவுக்குக் கிருமித் திரளைக் கம்பி நுனியில் தொட்டு இரண்டிலும் கரைத்தேன். சில்லை இரண்டு விரல்களால் பிடித்து, முன்னும் பின்னுமாகச் சாய்த்து, மேசை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன்.

காலராக் கிருமியாக இருந்தால் எதிர்ச்சீரம் விட்ட துளி, எலுமிச்சை பிழிந்த பால் போலத் திரிந்துவிடும். வெள்ளை வெள்ளையாகப் பொடி தெரியும். உப்புநீர்த் துளி மட்டும் கலங்கலாக அப்படியே இருக்கும். ஒரு நிமிஷ வேலை.

திரியவில்லை.

அன்றைக்கு அது பதினாலாவது சில்லு. அந்த வாரத்தில் எத்தனையாவது என்று நினைவில்லை. கழுத்து வலித்தது. வெளியே மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ‘காலரா இல்லை’ என்று எழுதிவிட்டுப் பதினைந்தாவதை எடுத்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே எழுதிவந்திருக்கிறேன். முதன்முதலாக நுண்ணோக்கியில் கண் வைத்த நாளைப் பற்றியெல்லாம் எழுதினேன். இந்த வாரம் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இதை எழுத இரண்டு முறை உட்கார்ந்து, இரண்டு முறையும் எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

சொல்லக் கூசிய படிப்பு

அப்போது நான் நுண்ணுயிரியல் முதுகலையில் இரண்டாம் வருஷம். தொண்ணூறுகளின் தொடக்கம். தரமணியில் இன்றைக்கு இருக்கிற கண்ணாடிக் கட்டடங்கள் எதுவும் கிடையாது. முள்ளுச்செடியும் செம்மண்ணும் நடுநடுவே ஆராய்ச்சி நிலையங்களும். மழை பெய்தால் எங்கள் ஆய்வுக்கூடத்து வாசலில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவோம்.

வீடு தி. நகரில். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்து. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பாவாடைத் துணியும் ரவிக்கைத் துணியும் விற்கிற கடை வைத்தவர். கீழே கடை, மேலே நாங்கள். மாடிப்படியில் எந்நேரமும் புதுத்துணியின் கஞ்சி வாசனை அடிக்கும். அதைத் தாண்டி நான் பினாயில் வாசனையோடு ஏறிப்போவேன்.

அம்மாவுக்கு அந்த வாசனை ஆகவே ஆகாது. என் பை மொட்டைமாடிக் கொடிக்கம்பியில் தொங்க வேண்டும். நான் குளித்துவிட்டுத்தான் தண்ணீர்ப் பானையைத் தொட வேண்டும். நான் எதைப் பரிசோதிக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை நம் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் ‘லேப்ல படிக்கா’ என்று மட்டும் சொல்வாள்.

ஒருமுறை தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி துருவித் துருவிக் கேட்டு, விஷயம் இன்னதென்று தெரிந்ததும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அன்று கடையைச் சாத்திவிட்டு மேலே வந்த அப்பா என்னிடம் கேட்டார்:

“எம்மா வடிவு, ஒன் படிப்பப் பத்திக் கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?”

நோய் எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு என்று சொல்லச் சொன்னேன். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். எனக்கும்கூட அப்போது அது உண்மை மாதிரிதான் இருந்தது.

துளை போட்ட கட்டில்

என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, மழைக்காலத்து வாந்திபேதி. எங்கள் பேராசிரியை ராஜம் மேடம் ஒதுக்கிக் கொடுத்தது. வடசென்னையில் தொற்றுநோய்க்கென்று இருந்த ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளின் மல மாதிரிகள் வரும். வாரத்தில் இரண்டு நாள் நானே போய் எடுத்துவர வேண்டும்.

ஒயர் கூடையில் சின்னச் சின்ன மூடி போட்ட குப்பிகள், மேலே ஒரு பழைய துண்டு. இரண்டு பேருந்து மாற வேண்டும். கூட்டத்தில் யாராவது இடித்தால் கூடையை மார்போடு அணைத்துக்கொள்வேன். உள்ளே இருப்பது தின்பண்டம் என்று நினைத்து ஒரு பாட்டியம்மாள் எனக்கு இடம் விட்டு உட்காரவைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கால் அவ்வளவு வலித்தது.

அந்த வார்டை முதலில் பார்த்த அன்று சாப்பிட முடியவில்லை. நாற்றம் காரணமில்லை. ரெக்சின் விரித்த கட்டில்களின் நடுவில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். அடியில் வாளி. படுத்திருக்கிறவர் எழ வேண்டாம், எழவும் முடியாது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி உடம்பிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் மட்டும்தான் வார்டில் கேட்கும். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, விரல் நுனிகள் ஊறவைத்த மாதிரி சுருங்கியிருக்கும்.

அந்த வருஷம் வந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். மூட்டை தூக்குகிறவர்கள், ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள், பிள்ளை பெற்ற பெண்கள். வழக்கமாகக் குழந்தைகளைத்தான் இது அதிகம் பிடிக்கும். பெரியவர்களுக்கு முன்பே ஒருமுறை வந்துபோயிருக்கும், உடம்பு பழகியிருக்கும் என்று பாடத்தில் படித்திருந்தேன். வயது என்ற கட்டத்தில் முப்பது, நாற்பது, முப்பத்தைந்து என்று நானே என் கையால் எழுதினேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

வார்டில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என் அறிக்கைத் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “நீங்க காலரா இல்லன்னு எழுதிக் குடுக்கறீங்க. கட்டில் காலியாக மாட்டேங்குது. எதுவா இருந்தா என்ன, நான் டிரிப் ஏத்தத்தான் போறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போலப் பார்த்த களைப்பில் சொன்னார். நானும் அதே களைப்பில் கேட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினேன்.

மேடத்திடம் வந்து கேட்கத்தான் செய்தேன். எல்லாச் சோதனையும் காலராவைப் போலவே வருகிறது, கிருமி வளர்க்கிற பச்சை ஊடகத்தில் மஞ்சளாக வளர்கிறது, கடைசியில் இந்த ஒரு துளி மட்டும் திரிய மாட்டேன் என்கிறதே என்று. மேடம் பொறுமையாக விளக்கினார். அதே இனத்தில் தண்ணீரில் சாதாரணமாக வாழ்கிற எத்தனையோ வகைகள் உண்டு. வயிற்றைக் கொஞ்சம் கலக்கும், ஊரையே அடித்துப் போடாது. சீரத்தோடு திரிகிற ஒரு வகைதான் காலரா. உலகம் முழுக்க அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. போய்ப் பார்த்துக்கொண்டேன்.

கிருமிக்குச் சமைக்கிறவர்

எங்கள் கூடத்தில் ஊடகம் காய்ச்சுகிற வேலை தேசிங்கு அண்ணனுடையது. நாற்பது வயது இருக்கும். கிருமி வளர்வதற்கான கூழைக் காய்ச்சி, வட்டத் தட்டுகளில் குமிழி இல்லாமல் ஊற்றி, ஆறவைத்து அடுக்கித் தருவார். “நான் கிருமிக்குச் சமையக்காரன்மா” என்பார். அவர் ஊற்றின தட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். நான் ஊற்றினால் ஒரு பக்கம் மேடாக நிற்கும்.

நொச்சிக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் இவர் ஒருவர்தான் அரசாங்க வேலைக்கு வந்தவர். மனைவி தனம் கலங்கரை விளக்கத்துப் பக்கம் சாலையோரத்தில் மீன் விற்றாள். தனத்தின் தம்பி மூர்த்தி இவர்கள் வீட்டிலேயே இருந்து படகுக்குப் போய்க்கொண்டிருந்தான். மச்சானைப் பற்றி தேசிங்கு அண்ணன் நிறையப் பேசுவார். அவன் நீச்சலடிப்பது, இரண்டு ஆள் சோறு ஒரே வேளையில் சாப்பிடுவது, தை பிறந்தால் அவனுக்குப் பெண் பார்க்கப் போவது. நான் வேலையைப் பார்த்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் கொட்டியிருப்பேன்.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தேன். மத்தியானம் எல்லோர் முன்பும் நின்று பேச வேண்டிய கருத்தரங்கு. அதற்குள் அன்றைய சில்லுகளை முடிக்க வேண்டும். தேசிங்கு அண்ணன் தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். குப்பத்தில் நாலைந்து வீடுகளில் வாந்திபேதி என்றார். விடியற்காலையிலிருந்து மூர்த்திக்கும் போகிறதாம். தனம் பயந்துபோய் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறாளாம்.

“நம்ம இங்க பாத்துக்கினு கீறோமே, அந்தக் காலராவா இருக்குமாம்மா?”

நான் சில்லைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

“இல்லைண்ணா. இவ்வளவு பார்த்ததுல ஒண்ணுகூட காலரா இல்லை. சாதாரணப் பேதிதான். மோர்ல உப்புப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, நின்னுடும்.”

அவர் முகத்தில் எப்படி வெளிச்சம் வந்திருக்கும் என்று நான் பார்க்கவில்லை. “அப்ப சரிம்மா” என்ற குரல் மட்டும் கேட்டது. வெளியே போனார்.

வாசல் டீக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. அதிலிருந்து குப்பத்து மளிகைக் கடைக்குப் பேசியிருக்கிறார். கடைக்காரர் ஆளனுப்பி தனத்திடம் சொல்லியிருக்கிறார். லேப்பில் பார்த்தாயிற்று, காலரா இல்லை, பயப்பட வேண்டாம், மோர் கொடு என்று. இதெல்லாம் எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும்.

அன்று மத்தியானம் கருத்தரங்கில் நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை போனபோது ஊற்றிய தட்டுகள் ஒன்றும் இல்லை. அடுப்பு மூட்டப்படவில்லை. மேடம்தான் சொன்னார். தேசிங்குவின் மச்சான் சனிக்கிழமை காலையில் தவறிவிட்டானாம். வாந்திபேதியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன பேசினேன் என்பது சரியாக நினைவில்லை. ஆனால் முழுவதையும் மேடத்திடம் சொல்லிவிட்டேன். தேசிங்கு அண்ணன் கேட்டதையும் நான் சொன்னதையும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பையனின் மாதிரி நம்மிடம் வரவில்லை, அவனுக்கு என்ன என்று நமக்குத் தெரியாது என்றார். எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்து, புதிதாக வந்து இன்னும் பிரிக்காத எதிர்ச்சீரம் ஒன்றை எடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமாக வைத்திருக்கும் பழைய காலராக் கிருமி ஒன்றையும் எடுத்தார். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பழைய கிருமியில் துளி உடனே திரிந்தது. பால் திரிந்த மாதிரிதான். நோயாளிகளிடமிருந்து எடுத்ததில் ஒன்றுகூடத் திரியவில்லை. பத்து பார்த்தோம். இருபது பார்த்தோம். சாப்பாட்டு மணி அடித்து, அது முடிந்தும் போயிற்று.

“சீரம் சரியா இருக்கு, வடிவு. நாம பண்றதும் சரியா இருக்கு” என்றார் மேடம். “அப்ப கிருமிதான் வேற.”

அன்றைக்கே பத்துக் குப்பிகளில் உறைந்த கூழுக்குள் கிருமியைக் கம்பியால் குத்தி அடைத்து, வெளியூரில் இருந்த பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். விஷம் சுரக்கிறதா என்று பார்க்கிற வசதி அங்கேதான் இருந்தது. பதில் வர நாளாகும் என்றார்கள்.

அறிக்கைத் தாளில் எழுதுகிற வாசகத்தையும் மேடம் அன்று மாற்றினார். ‘காலரா இல்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘நாங்கள் தேடிய வகை கிடைக்கவில்லை, நோயாளியைக் காலராவாகவே கருதிக் கவனிக்கவும்’ என்று. அடையாறில் இப்போது நான் வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்திலும் ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் எதையும் எழுத விடுவதில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு இது என் கிறுக்குத்தனம்.

பேசாத மூன்று மாதம்

காரியமெல்லாம் முடிந்து தேசிங்கு அண்ணன் திரும்பி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்து, எப்போதும் போல “வந்துட்டியாமா” என்றார். தட்டு ஊற்றினார். தட்டு அப்போதும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல் நாள் மேடம் பக்கத்தில் இருந்தார். இரண்டாம் நாள் அண்ணன் அடுப்படியில் இருந்தார். மூன்றாம் நாளிலிருந்து காரணமே தேவைப்படவில்லை.

முன்பெல்லாம் தூக்குப்பாத்திரத்தில் சோறும் குழம்பும் கொண்டுவருவார். இப்போது மத்தியானத்தில் டீக்கடைக்குப் போய் பன் தின்றுவிட்டு வந்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துக்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதங்களை நினைத்தால் அசதிதான் முதலில் வருகிறது. காலையில் பனகல் பூங்கா நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்கும்போதே வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றிருக்கும். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. பாவாடைத் துணியை அளந்துகொண்டே, இன்னும் நாலு மாதம்தானே, இருந்து முடி என்றார். முடித்தேன். ஒழுங்காகவே முடித்தேன்.

பொங்கல் கழிந்து கடிதம் வந்தது. நாங்கள் அனுப்பிய பத்தும் காலரா விஷத்தைச் சுரக்கின்றன. இதுவரை தெரிந்த எந்தச் சீரத்துக்கும் மசியாத, பெரியவர்களின் உடம்புக்கும் பழகாத புதிய வகை. கடற்கரையோரத்து வேறு ஊர்களிலும் இதே கதைதான். மேடம் எல்லோரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். கூட இருந்த மாணவர்களுக்கு ஒரே பரபரப்பு. எவ்வளவு பெரிய விஷயம், நம் கூடத்திலும் அது கிடைத்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லோரும் போனபிறகும் மேடம் பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக என் கையெழுத்து. ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே இல்லை, இல்லை, இல்லை.

“நீ எழுதின. நான் கையெழுத்துப் போட்டேன்” என்றார்.

நான் எழுந்து தேசிங்கு அண்ணனிடம் போனேன். குடுவை கழுவிக்கொண்டிருந்தார். கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன்.

“அப்ப காலராதான்” என்றார்.

“ஆமாண்ணா. நான் அன்னிக்கு உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்.”

மூன்று மாதமாக வாயில் வராத வாக்கியம், வந்தபோது இவ்வளவு சின்னதாக இருந்தது. அவர் குடுவையைக் கவிழ்த்து வைத்தார். வீட்டில் சொல்ல வேண்டும், ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். தனம் தன்னோடு நேராகப் பேசுவதில்லை, காதுபடத் திட்டுவதோடு சரி, மூன்று மாதமாகத் தனக்குச் சோறு போடுவதுமில்லை என்றார். அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் நடந்ததைச் சொன்னார். சாயங்காலம் வீடு திரும்பியபோது யார் சொன்னது என்று தனம் கேட்டாளாம். நானே லேப்பில் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

“யார் பாத்தாங்க இன்னான்னு வளத்துவா. மொதல்ல அவனுக்கு நல்லாவட்டும்னு பாத்தேன்.” இன்னொரு குடுவையை எடுத்தார். “அப்பாலிக்கு சொல்லி இன்னா ஆவப்போவுது.”

சாலையோரத்தில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். வீட்டில் மயிலாப்பூரில் ஒரு தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

சாலையோரம் வரிசையாகப் பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறு என்பதால் நல்ல கூட்டம். தனத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. தேசிங்கு அண்ணன் கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டுச் செதில் உரசிக்கொண்டிருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதும் எழுந்தார். வேண்டாம் என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினார்.

தனம் ஒல்லியாக, நல்ல உயரமாக இருந்தாள். பக்கத்துப் பலகைக்காரியிடம் “அந்தாளாண்ட வஞ்சிரத்தச் சீக்கிரம் குடுக்கச் சொல்லு” என்றாள். அவர் இரண்டு கை தூரத்தில்தான் இருந்தார். பக்கத்துக்காரி சொல்லவும் இல்லை. அவரே எழுந்து வந்து மீனை வைத்துவிட்டுப் போனார். இது தினமும் நடப்பது என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் குனிந்து உட்கார்ந்தேன். என் பெயரைச் சொன்னேன். அண்ணன் வேலை பார்க்கிற இடத்தில் படிக்கிறவள் என்றேன்.

“இன்னா மீனு ஓணும்?”

மீன் வேண்டாம், ஒரு விஷயம் சொல்ல வந்தேன் என்றேன். உங்கள் தம்பிக்கு வந்தது காலராதான். இப்போதுதான் எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது. அன்றைக்கு லேப்பில் பார்த்து, காலரா இல்லை என்று சொன்னது அண்ணன் இல்லை. நான்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த அவளுடைய கத்தி நின்றது.

“இவருதான் கண்ணால பாத்தேன்னு சொன்னாரே.”

“அவர் பார்க்கலை. பார்க்குற வேலை என்னோடது. அவர் வந்து கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காம, ஒண்ணுமில்லை, மோர் குடுங்கன்னு சொன்னேன்.”

எதிரே நின்ற வாடிக்கையாளர் ஒருவர் தன் மீனுக்காகக் காத்திருந்தார். தனம் அந்த மீனை முழுக்க வெட்டி, கழுவி, பையில் போட்டுக் கொடுத்து, சில்லறையும் கொடுத்தாள். பிறகு வாளியில் கை விட்டுக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“ஆட்டோ வந்து வாசல்ல நின்னுச்சு” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. “அவனே நடந்து வந்து ஏறிக் குந்திட்டான். போன் வந்துச்சுன்னு நான்தான் கையப் புடிச்சி எறக்கி வுட்டேன். அக்கா, போலாம்க்கான்னு கூப்ட்டான்.”

அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ போ” என்றாள் தனம். “சொல்லிட்டே இல்ல. போ.”

எழுந்தேன். நாலடி வைத்திருப்பேன். பின்னால் அவள் குரல் கேட்டது. பக்கத்துக்காரியிடம் பேசவில்லை.

“ஏன்யா, மூணு மாசமா திட்டிக்கினு கீறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா உனுக்கு?”

நான் நின்றுவிட்டேன்.

“யாரத் திட்டினாலும் அவன் வரப்போறதில்ல” என்றார் தேசிங்கு அண்ணன். “என்னத் திட்டினா உனுக்கு ஆறும்ல.”

திரும்பிப் பார்த்தேன். தனம் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அவர் கையில் செதிலோடு, கிட்டே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

அவள் தலையைத் தூக்காமலே பக்கத்தில் இருந்த மீன் கூடையைக் காலால் தள்ளி இடம் பண்ணினாள். அவர் வந்து உட்கார்ந்தார். யாரோ வந்து சங்கரா என்ன விலை என்று கேட்டார்கள். அவர்தான் சொன்னார்.

நான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.